கையில் திரும்பும் சீட்டு

இன்று காலை பினாங்குத் துறைமுகத்தில் ஆஸ்திரேலியக் கப்பலிலிருந்து சில இளைஞர்கள் இறங்கி நின்றார்கள். சாலைக்குக் கல் சுமக்கும் முனியம்மா அக்கா கூடையை இறக்கிவைத்து என்னிடம் கேட்டார்.

"தம்பி, இந்தப் பிள்ளைங்க எங்க போகுதுங்க?"

"பீகாருக்கு அக்கா. நிலநடுக்கத்துல இடிஞ்ச வீடுகளைக் கட்டிக் குடுக்க. சம்பளம் கிடையாது. மூணு மாசத்துல திரும்பிடுவாங்களாம்."

அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஐயோ, எங்களையும் ஊர்லேருந்து மூணு வருஷம்னுதான் கூட்டியாந்தாங்க. இருபது வருஷம் ஆச்சு. எம் புருஷன ரப்பர் தோட்டத்துலயே பொதைச்சாச்சு. ஒப்பந்தக் காயிதத்துல கைநாட்டு வைக்காம ஓடிடச் சொல்லு தம்பி!"

அதை அப்படியே அவர்களிடம் இங்கிலீஷில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர்களில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஊர் திரும்பும் கப்பல் சீட்டை எடுத்துக் காட்டினாள்.

அக்கா அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தார்.

"போறதுக்கு முந்தியே இதைக் குடுப்பாங்களா?"

அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வாசகசாலைப் பலகையில் இந்தக் குறிப்பை ஒட்டியிருக்கிறேன். திரும்பும் சீட்டோடு பினாங்கில் வந்து இறங்கிய நம்மவர்கள் கீழே பெயர் எழுதலாம். பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

அதைச் சீவ வேண்டி வராது.