ஆகாசத்துக்கு சர்வே

எங்க ஊர்ல சர்வேன்னு யாராவது வாயத் தொறந்தா போதும், கெழவன்லேந்து கைக்கொழந்தை வரைக்கும் வெளிய வந்து நின்னுடும். சங்கிலி புடிப்பாங்க, கல்லு நடுவாங்க, கொஞ்ச நாள்ல அங்க ஒரு கம்பெனி மொளைக்கும். எடம் குட்த்தவன் ஊட்ல ஒர்த்தனுக்கு பர்மனெண்டு வேலை. கும்மிடிப்பூண்டி பக்கம் பொறந்த புள்ளைக்கு அம்மா, நைனா அப்புறம் தெரியற மூணாவது வார்த்தையே சர்வேதான்.

எங்க நைனா அப்டி சர்வேல போன ஒரு நெலத்துல நாத்து நட்டவரு. நெலம் அவருது இல்ல. அதனால கல்லு நட்டப்போ ஓரமா நின்னு வேடிக்கை பாத்தாரு. அப்புறம் அதே எடத்துல வந்த இரும்பு மில்லுல காண்ட்ராக்ட்ல சேந்து, உலைக்கு முன்னாடி நின்னாரு. எப்பனா ஒரு நாள் பர்மனெண்டு ஆயிடணும், அவ்ளோதான் அவரு ஆசை.

நான் அப்போ அஞ்சாவது. படிப்புல எப்டின்னா, வாத்தியாரு கேள்வி கேக்க ஆரம்பிச்சா பென்சில் கீழ உழுந்த மாதிரி பெஞ்சுக்கடியில பூந்துடுவேன். அந்த வருசம் பாதி பாடத்த அங்கேந்துதான் கேட்டேன்.

ஒரு நாள் ஸ்கூலுக்கு சயின்ஸ் வேன் வந்துச்சு. மெட்ராஸ் அக்கா ஒர்த்தங்க திரையில படம் போட்டாங்க. மேல ஒரு டெலஸ்கோப் அனுப்பிக்கீறாங்களாம். அது மெதுவா சுத்திகினே கோடிக்கணக்குல நட்சத்திரத்த அளந்து மேப்பு போடுதாம். "இதுக்குப் பேருதான் வானத்து சர்வே"ன்னாங்க.

எனக்கு ஒடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. மத்த பசங்க கலரு படத்த பாத்து வாயப் பொளந்துகினு இருக்கானுங்க, நான் ஒர்த்தன்தான் மேட்டர புடிச்சேன். ஆகாசத்தையும் எட்த்துக்கப் போறானுங்க! நெலந்தான் நம்மளுது இல்ல. ஊட்டுக்கு மேல கீற ஆகாசம் நம்மளுதுதான? அப்போ நைனாக்கு வேலை குட்த்துதான ஆவணும்?

பெஞ்சுக்கடிலேந்து எயிந்து கையத் தூக்கினேன். "அக்கா, அங்க கல்லு எப்டி நடுவாங்க?"

அக்காவுக்கு ஒரே சந்தோசம். நட்சத்திரம் எங்க இருக்குன்னு எப்டி குறிக்கிறாங்கன்னு கேக்கறேன்னு நெனச்சிகினாங்க. "கட்டை விரலை நீட்டு. ஒரு கண்ணை மூடிப் பாரு. இப்போ கண்ணை மாத்து. விரல் நகருதா? டெலஸ்கோப்பும் அதே மாதிரிதான் கண்ணா. சூரியனுக்கு இந்தப் பக்கம் இருந்து ஒருவாட்டி பாக்கும், அந்தப் பக்கம் போய் ஒருவாட்டி பாக்கும். நட்சத்திரம் எவ்ளோ நகருதுன்னு பாத்து தூரத்தைச் சொல்லிடுவாங்க."

தூரம் யாருக்கு வேணும்? கட்டவெரலுதான் கல்லுன்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு.

பொழுது சாஞ்சதும் நைனா, அம்மா, மாமா மூணு பேர்கிட்டயும் ஆகாசத்துக்கு சர்வே வருது, நட்சத்திரம் நம்ம பக்கம் இருந்தா நைனாக்கு வேலைன்னு சொல்லி மொட்டமாடிக்கு இட்டுகினு போனேன். மாமான்னா அம்மாவோட தம்பி. மில்லு பொகையில எங்க ஆகாசத்துல மிச்சமா தெரிஞ்சது ஒரே ஒரு நட்சத்திரம். பீச்சாங்கை பக்கம் எங்க காலனி, சோத்தாங்கை பக்கம் மில்லு. நடுவுல என் கட்டவெரல நட்டேன்.

பீச்சாங்கண்ணால பாத்தா நட்சத்திரம் நம்ம பக்கம். அடிச்சேன்டா லக்குன்னு கண்ண மாத்தினேன். குதிச்சி மில்லு பக்கம் பூட்ச்சு!

"இன்னாடா சர்வேயரு, கம்பெனிக்காரன் உன்ன கவனிச்சிட்டானா?"ன்னு மாமா கலாய்க்குது. அதுவும் வெரல நீட்டிப் பாத்துச்சு. குதிக்குது. அம்மா பாத்துச்சு. "ஐயோ ஆமாண்டா, குதிக்குதுடா!"ன்னு உயுந்து உயுந்து சிரிக்குது. எனக்கா அயுகை முட்டிகினு வருது. இருக்கறதே ஒரு நட்சத்திரம், அதுவும் மில்லுக்குப் பூட்ச்சுன்னா நைனாக்கு எப்டி வேலை வரும்?

"எங்க, நான் பாக்கறேன்"னு நைனா வெரல நீட்னாரு. ஒரு கண்ண மூடினாரு. அத்த தொறந்து இன்னொரு கண்ண மூடினாரு. வெரல எறக்கவே இல்ல.

"எந்தக் கண்ணுல பாத்தாலும் நம்ம பக்கந்தான்டா கீது."

"இன்னா மாமா, புள்ளைக்கு பொய்சாட்சியா?"ன்னுச்சு மாமா.

"மெய்யாலுந்தான்டா"ன்னாரு நைனா.

நான் எகிறி எகிறி குதிச்சேன். அதுவரைக்கும் சிரிச்சிகினு இருந்த அம்மா மட்டும் டக்குன்னு நிறுத்திட்டு, சோறு ஆறுதுன்னு கீழ பூட்ச்சு. மறுநாள் ஸ்கூல் பூரா சொல்லிட்டேன், நட்சத்திரம் எங்களுது, எங்க நைனா சீக்கிரமே பர்மனெண்டுன்னு.

இப்போ அந்த மேப்பு போன்லயே வருது. லோடு வண்டிய ஓரங்கட்டிட்டு தேய்ச்சித் தேய்ச்சிப் பாக்கறேன். என் கட்டவெரலு ஆடுச்சே தவிர, நட்சத்திரம் அன்னிக்கி அசையவே இல்லன்னு இப்போ தெரியுது.

இன்னொண்ணும் தெரியும். மில்லுல பர்மனெண்டுக்கு மெய்யாலுமே ஆள் எட்த்தப்போ நைனாவ கூப்ட்டாங்க. அவரு டாக்டர் செக்கப்புக்கு போவவே இல்ல. அப்போதான் அம்மா சொல்லிச்சு: உலைப்பொறி தெறிச்சி, அவரு சோத்தாங்கண்ணு எப்பவோ இருட்டாயிடுச்சின்னு. இருந்த காண்ட்ராக்ட் வேலையும் பூடும்னு வெளிய யார்கிட்டயும் சொல்லல.

அன்னிக்கி மாடிலேந்து எறங்கறப்போ, கைப்புடி இல்லாத படியில நைனா என் தோள இறுக்கிப் புடிச்சிகினாரு. நான் உயுந்துடுவேன்னு பயப்படறாரு போலன்னு நெனச்சேன். "வுடு நைனா, நான் இன்னா சின்னப் புள்ளையா?"ன்னு அந்தக் கைய தட்டிவுட்டுட்டு ஓடிட்டேன்.