கிளிக்குக் கொடுத்த திராட்சை

இங்கே கிளிக்குத் திராட்சை ஊட்டக் காசு கொடுக்க வேண்டும். ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் சிற்றூரின் மிருகக்காட்சிசாலை, இவர்கள் மொழியில் டீர்பார்க், நம் வாரச்சந்தை அளவுதான். அதற்குள் லாமா, ஆமை, கீரிப்பிள்ளைச் சாயலில் நிமிர்ந்து நிற்கும் மீர்காட், கிழட்டு ஓநாய் இரண்டு, அப்படியே நம்மூர் வெள்ளாடு ஒன்று. கடைசியில் ஆள் உள்ளே போகிற மாதிரி பெரிய வலைக்கூண்டு. இன்று காலை, லீவு போட்ட என்னை, திராட்சைக் கிண்ணத்தோடு மகள் அதற்குள் இழுத்துப் போனாள். சிவப்பு மூக்குப் பச்சைக்கிளிகள் கூட்டமாக இறங்கின. என் தொண்டை என்னைக் கேட்கவில்லை.

"ஹோஓஓய்!"

கிளிகள் சிதறின. குழந்தைகள் அழுதன. ஊழியப் பெண் ஓடிவந்து, "அங்ஸ்ட்?" என்றாள். பயமா என்கிறாள். ஓடைப்பட்டிக்காரனுக்குக் கிளியிடம் பயமா! விளக்க ஜெர்மன் போதாமல், "யா" என்று தலையாட்டி வைத்தேன்.

உண்மையில் அது என் அக்காவின் சத்தம். ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலில் பழம் இனிப்பேறியதும், விடியும்போதே கிளிகள் வந்துவிடும். எனக்கோ அது பரீட்சைக் காலம். "நீ படிலே, நான் பாத்துக்கிறேன்" என்று தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டே பந்தலுக்கடியில் ஓடுவாள். நான் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நிழலில் தூங்குவேன். கத்திக் கத்திக் கட்டிய அவள் தொண்டை பிறகு சரியாகவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் தொண்டையில்தான் நான் பாஸானேன்.

இப்போது அந்தத் தொண்டையில் கட்டி. நாளைக்கு மதுரையில் ஆபரேஷன். "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன், பயமா இருக்கு" என்று போன மாதமே கேட்டாள். லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரும் தைரியம்தான் எனக்கு இல்லை.

கூண்டுக்குள் நிற்கும்போதே அவள் போன் வந்தது.

"ஆபீஸ்லயா இருக்க?"

"ஆமாக்கா."

"செத்த நேரம் பேசிக்கிருவோம்லே. நாளையில இருந்து வாயத் தொறக்கக் கூடாதாம். பழைய குரல் வருமான்னு டாக்டர்ட்ட கேட்டேன். பாப்போம்னு சொன்னாக."

அதற்குள் சிதறிய கிளிகள் மறுபடி கூடிக் கத்த ஆரம்பித்தன. அவசரமாகப் போனைப் பொத்தினேன். யாரிடம் மறைக்கிறேன்! கையை எடுத்தபோது அந்தப் பக்கம் பேச்சே இல்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

"முப்பது நாப்பது கிளி இருக்கும் போல" என்றாள் மெதுவாக.

கூண்டின் கதவைத் தேடினேன்.

"சரிலே, நீ ஆபீஸ் வேலையப் பாரு."

வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. "அப்பா, கையை நீட்டுங்க" என்று மகள் என் இடக்கையில் திராட்சையைத் திணித்தாள். கிளி ஒன்று அதை விட்டுவிட்டு, போன் பிடித்திருந்த வலக்கையில் வந்து உட்கார்ந்தது. விரட்டத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.