படகோடு போன கோட்டா

சோல்ரூன் பதினாறு வயதில் மீன் பதனிடும் ஆலையில் சேர்ந்தாள். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் காட் மீன் துண்டுகளைப் பரப்பி, சதைக்குள் சுருண்டிருக்கும் புழுவைக் கத்திமுனையால் எடுப்பது வேலை. ஐஸ்லாந்தின் மேற்குக் கரையிலிருந்த அந்தச் சிற்றூரின் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கைதான் வேலை செய்யும். வாய்க்கு ஓய்வே கிடையாது.

"எய்னார் ஐஸ் பெட்டி தூக்கிட்டு வந்தா மட்டும் உன் கத்தி வழுக்குதேடி!" என்று தோழி குட்னி சீண்டுவாள். அந்த எய்னாரைத்தான் சோல்ரூன் மணந்தாள்.

கடலில் காட் மீன் குறைந்தபோது அரசு படகுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று கோட்டா வைத்தது. மீன் பிழைக்கட்டும் என்று ஊரும் ஒப்புக்கொண்டது. பிறகு கோட்டாவை விற்கலாம் என்றானது. ஊரின் ஒரே பெரிய படகுக்காரர் ஹால்பியோர்ன், முதுகுவலியோடு சில வருடம் தள்ளிப்பார்த்துவிட்டு, படகைத் தெற்கே ஒரு கம்பெனிக்கு விற்றார். படகோடு கோட்டாவும் போனது. மீன் வராமல் ஆலை ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை.

சோல்ரூனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு காலையில் துடுப்புப் படகில் போய், தூண்டிலில் பிடித்த ஐந்து காட் மீன்களைத் துறைமுகத் தராசில் கொட்டினாள். எடை பார்ப்பவன் பெயர் கெட்டில்; அவள் சித்தப்பா மகன்.

"எடை போடு. விக்கப்போறேன்."

"கோட்டா இல்லாமலா? நான் எழுதினா உன்மேல கேஸ் வரும், சோல்ரூன்."

"வரட்டும். நம்ம வாசல்ல நீந்துற மீன், எவனோ தெக்கத்திக்காரன் பேர்லயா நீந்துது?"

"என்கிட்ட கத்தி என்ன ஆகப்போகுது? என் பொண்டாட்டிக்கும்தான் வேலை போச்சு."

அதற்குமேல் சண்டைபோட அவளுக்கு மனம் வரவில்லை. மீனை அவன் வீட்டிலேயே வேகவைத்து, உருளைக்கிழங்கும் வெண்ணெயுமாக எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குளிர்காலத்துக்குள் கெட்டில் குடும்பம் தலைநகர் ரெய்க்யவிக் போய்விட்டது. வீட்டை வாங்க ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் ஏழு பிள்ளைகள் மிஞ்சினார்கள்.

கோடையில் மட்டும் சிறு படகுகள் கோட்டா இல்லாமல், நாளுக்கு ஒரு சிறு அளவு வரை தூண்டில்போட அனுமதி வந்தபோது சோல்ரூனுக்கு ஐம்பத்தெட்டு வயது. எய்னார் இறந்து நான்கு வருடமாகியிருந்தது. அவளும் குட்னியும் கூட்டாக ஒரு பழைய படகு வாங்கினார்கள். முதல் நாள், அன்றைக்கு அனுமதித்த அளவு மதியத்துக்குள்ளேயே நிறைந்துவிட்டது.

"வாங்கம்மா, வாங்க," என்று குட்னி மீன்களை வரவேற்றாள். "நீங்க திரும்பி வர்றதுக்குள்ள ஊரே காலியாயிடுச்சே!"

மீனை ஏற்றிக்கொண்டு லாரி தெற்கே ஏலத்துக்குக் கிளம்பியது. இருவரும் கரையில் அமர்ந்து, கண்ணாடி மேசையில் வேலை செய்தவர்களைப் பேர் பேராகச் சொல்லிப் பார்த்தார்கள். பத்தொன்பது பேர் தேறினார்கள். அந்தச் செம்பட்டை முடிக்காரி ஆல்டாவா ஆஸ்தாவா என்பதில் தகராறு வந்தது.

"ஆஸ்தாதான். பெட் வெச்சுக்கலாமா?" என்றாள் சோல்ரூன்.

"யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறது? நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்," என்றாள் குட்னி.