பொக்லைன் அஸ்கரும் செம்பாறைச் சாலையும்

முக்கூடலில் அலி அஸ்கர் வீடு எது என்று கேட்டால், "எந்த அலி அஸ்கர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பொக்லைன் அஸ்கர் என்று சொல்லிவிட்டால் போதும், தெருமுனையிலேயே கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டிய குட்டையான மனிதர். சிரித்தால் பத்து வீடு தள்ளிக் கேட்கும். மண் தோண்டும் இயந்திரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது, அதனால்தான் அத்தனை சத்தம் என்பார்கள் தெரியாதவர்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றே அப்படித்தான் இருந்தது என்பார் மனைவி சித்தி ஜனாபா.

கல்குவாரியில் வண்டி ஓட்டிப் பழகிய அஸ்கர், இருபத்தைந்து வயதில் வெளிநாடு போனார். தெருப் பிள்ளைகள் எல்லாம் சவூதி, துபாய் என்று மணல் நாட்டுக்குப் போக, இவருக்கு மட்டும் மலேசியாவின் சரவாக்கில் வேலை கிடைத்தது. அங்கே மழை பெய்யாத நாளே கிடையாது. காட்டுக்குள் சாலை போடும் வேலை. முதல் வருடம் அவர் பார்த்த காட்டில் நடுப்பகலிலும் வண்டியின் விளக்கைப் போட வேண்டியிருந்தது. ஒரு மரத்தை நான்கு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாது. அதற்குள் செம்மண் நாடாவைப்போல ஒரு பாதையை இழுத்துக்கொண்டு போவதில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "நான் தோண்டுன பொறவுதான் அங்கன மனுசன் போவான்" என்று ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் சொல்வார்.

மூன்று வருடம் கழித்து அதே சாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது அவருக்கு இடமே அடையாளம் தெரியவில்லை. அவர் போட்டது ஒரே ஒரு சாலை. அதிலிருந்து இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி சின்னச் சின்னப் பாதைகள் பிரிந்திருந்தன. ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் மரம் வெட்டுகிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் எண்ணெய்ப்பனை நடுகிறவர்கள். அங்கே மண் கறுப்பாக இருக்கும். ஆயிரக்கணக்கான வருடம் இலையும் வேரும் தண்ணீரில் ஊறிச் சேர்ந்த மண். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததும் அது காய்ந்தது. காய்ந்ததும் தீப்பிடித்தது. மேலே மழை பெய்தாலும் அடியில் கங்கு புகைந்துகொண்டே இருக்கும்.

அந்தப் புகை அஸ்கரின் நிக்காஹ்வையே நிறுத்தியது. ஊரில் தேதி குறித்தாகிவிட்டது. இவர் புது ஷெர்வானியைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால், எதிரில் நிற்கிற ஆள் முகம் தெரியவில்லை. ஒரு விமானமும் பறக்கவில்லை. முக்கூடலிலோ ஆடு அறுத்தாகிவிட்டது. "வெட்டுன ஆட்டை என்ன செய்ய?" என்று மாமனார் கேட்டார். மாப்பிள்ளை இல்லாமலே ஊர் பிரியாணி தின்றுவிட்டுக் கை கழுவியது. அடுத்த வாரம் அஸ்கர் வந்து இறங்கியபோது நிக்காஹ்வுக்கு டீயும் மிக்சரும்தான் மிச்சம்.

"அந்தப் புகை எங்கேருந்து வந்துச்சு?" என்று புதுப்பெண் கேட்டார்.

"காடு எரியுது."

"காட்டுக்குள்ள யாரு போனா?"

"ரோடு இருக்கு, போவுதான்."

"ரோடு யாரு போட்டா?"

அஸ்கர் சிரித்துவிட்டார். ஜனாபாவும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி அஸ்கருக்குள்ளே தங்கிவிட்டது. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் திரும்பப் போகவில்லை. ஊரிலேயே சாலை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பொக்லைன் ஓட்டச் சேர்ந்தார்.

போன வருடம் அவருக்குச் செம்பாறையில் வேலை வந்தது. மலையடிவாரத்தில், வாய்க்காலுக்கு மேற்கே, நாற்பது வீடுகள் உள்ள சின்ன ஊர். சாலை கிடையாது. மழைக்காலத்தில் பால்காரர்கூட வரமாட்டார். வாய்க்கால் கரையோடு வளைந்து வளைந்து போகிற ஒரு பழைய வண்டிப்பாதை உண்டு. அது வயல்களையும் வாழைத்தோப்பையும் ஒட்டிப் போகும். அதை விட்டுவிட்டு, ஊருக்கு வடக்கே இருந்த புறம்போக்குக் காட்டின் நடுவே நேராக ஒரு சாலை போட அளவுக்கல் நட்டிருந்தார்கள். வேங்கையும் உசிலும் நாவலும் நெருங்கி நின்ற காடு. மேற்கே அப்படியே மலைக்காட்டோடு சேர்ந்துவிடும்.

முதல் நாள் அஸ்கர் வண்டியிலிருந்து இறங்கி அந்தக் கற்களின் வரிசையைப் பார்த்தார். அத்தனை நேர்க்கோட்டை அவர் சரவாக்கில்தான் பார்த்திருந்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேலையை மேற்பார்வை பார்க்க வந்த உதவிப் பொறியாளர் தேன்மொழியிடம் போய், "மேடம், இந்தப் பக்கம்தான் போடணுமா? வாய்க்கால் கரைல போட்டா ஆவாதா?" என்றார்.

தேன்மொழி பெருமூச்சு விட்டார். "நானும் முதல்ல அதைத்தான் வரைஞ்சேன் பாய். இந்த ரோட்டுக்குத் தார் காய்ச்சுறதுல வர்ற புகை கொஞ்சம்தான். ரோடு திறந்தப்புறம் மரம் போறதும், அதுல சேர்ந்திருக்கிற கரியெல்லாம் காத்துக்குப் போறதும்தான் பெருசு. ஆனா கரை அகலம் பத்தாது. பக்கத்து வயல்காரங்க ஆளுக்கு ரெண்டு முழம் விட்டுக் கொடுக்கணும். ஒருத்தர் முடியாதுன்னாலும் வேலை நின்னுடும். காட்டுல கேக்குறதுக்கு ஆள் இல்லை."

"கேட்டுப் பாத்தா?"

"நீங்க கேக்குறீங்களா? ஒரு வாரம் நான் தாங்குவேன். அதுக்கு மேல முடியாது."

அஸ்கர் முதலில் ஊர்த்தலைவர் மணிராஜைப் பார்க்கப் போனார். அங்கே தங்கத்தாயும் இருந்தார். களையெடுக்கிற வேலைக்குப் போகிறவர். போன மழையில் அவருடைய மருமகளுக்குச் சேற்றில் சிக்கிய ஆட்டோவிலேயே பிரசவம் ஆகியிருந்தது. பாதையை மாற்ற வேண்டும் என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எம் மருமவ சகதில கெடந்து கத்துனா. அப்ப எந்த மரம் வந்து தூக்குச்சு? இப்ப ரோடு வேண்டாங்க வந்துட்டிய."

"ரோடு வேண்டாம்னு சொல்ல நான் என்ன கிறுக்கனா தாயி? எனக்குச் சோறே ரோடுதான்" என்றார் அஸ்கர். "நேரா போட்டா உங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வரும். அதே ரோட்டுல மண் லாரி வரும், மரம் வெட்டுதவன் வருவான், பொறவு மனை போடுதவன் வருவான். கரைல போட்டா ஆம்புலன்ஸ் மட்டும் வரும். கொஞ்சம் பைய வரும், அவ்வளவுதான்."

பிறகு, தன் நிக்காஹ் நின்றுபோன கதையைச் சொன்னார். மாப்பிள்ளை இல்லாத பிரியாணி வந்த இடத்தில் தங்கத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, வயக்காரங்ககிட்ட நானும் வாரேன். நீரு வாயைத் தொறந்தா மாடு மிரளும்" என்றார்.

அந்த வாரம் அஸ்கரும் தங்கத்தாயும் மணிராஜும் வீடு வீடாகப் போனார்கள். ஒரு நாள் ஜனாபாவும் சேர்ந்துகொண்டார்; கணவர் கதையைக் கூட்டிச் சொல்கிற இடங்களில் எல்லாம் அவர் குறைத்தார். வயல்காரர்கள் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்தக் கரைச் சாலையால் தங்கள் வயலுக்கும் டிராக்டர் வரும் என்று அப்போதுதான் உறைத்தது. மிச்சம் நின்றவர் ஒருவர்தான். வாழைத்தோப்புக்காரர் தில்லைநாயகம்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "காடு போனா எனக்கென்ன வே? என் வாழை ஒரு வரிசை போவும். அதைச் சொல்லும்."

அஸ்கர் நிக்காஹ் கதையை ஆரம்பித்தார். தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "நேத்தே கேள்விப்பட்டேன்" என்றார். அஸ்கர் தங்கத்தாயைத் திரும்பிப் பார்த்தார்.

தங்கத்தாய்தான் முன்னால் வந்தார். "அண்ணாச்சி, தோப்புல பன்னி எறங்குதுன்னு போன மாசம் என்னைக் காவலுக்குக் கூப்பிட்டியல்லா?"

"ஆமா. குருத்தையெல்லாம் குத்திப் போட்டுட்டு."

"இப்பம் காட்டுல இருக்கிறது போக மிச்சந்தான் உங்ககிட்ட வருது. காட்டை ரெண்டாப் பொளந்தா மொத்தப் பன்னியும் எங்கன போவும்? எங்க ஓலை வீட்டுலயா வந்து படுக்கும்?"

தில்லைநாயகம் தோப்பைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். மறுபடி தோப்பைப் பார்த்தார். "பம்புசெட்டு ரூமைத் தொடப்பிடாது. அதைச் சுத்தி வளைஞ்சு போவணும். சம்மதமா?" என்றார்.

"வட்டமே போட்டுத் தாரேன் அண்ணாச்சி!" என்று அஸ்கர் போட்ட சத்தத்தில் பம்புசெட்டு மேல் உட்கார்ந்திருந்த கொக்கு பறந்துபோனது.

தேன்மொழி வரைபடத்தை மாற்றி மேலிடத்துக்கு அனுப்பினார். நான்கு மாதம் இழுத்தது. செம்பாறைக்காரர்கள் அஸ்கரைப் பார்க்கும்போதெல்லாம் முறைத்தார்கள். ஒப்புதல் வந்து வேலை தொடங்கிய நாளன்றே பொக்லைன் கரைச் சேற்றில் ஒரு பக்கமாகச் சரிந்து சிக்கிக்கொண்டது. "நேர்வழின்னா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும்" என்று யாரோ சொன்னது அஸ்கரின் காதிலும் விழுந்தது. இரண்டு டிராக்டரைக் கட்டி இழுத்தார்கள். ஊரே வந்து வடம் பிடித்தது. திருவிழா மாதிரி குலவைச் சத்தம் வேறு. வண்டி மேலேறியபோது அஸ்கர் தலையிலிருந்து கால் வரை சேறு. மணிராஜ் அவரை அப்படியே வாய்க்காலில் தள்ளிக் குளிப்பாட்டிவிட்டார்.

சாலை முடிந்தது. மொத்தம் பதினோரு வளைவு. எல்லா மரமும் தப்பித்தது என்று சொல்ல முடியாது. கரையில் நின்ற மூன்று மருதமரங்களையும் ஒரு புளியையும் எடுக்க வேண்டியிருந்தது. அந்த மருதமரங்களை அஸ்கரே எடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் கரையோரம் நட்ட நாவல் கன்றுகளில் பாதியை ஆடு தின்றுவிட்டது. மீதிக்கு முள்வேலி போட்டிருக்கிறார்கள்.

இந்த ஐப்பசி மழையில் அஸ்கர் சாலை தாங்குகிறதா என்று பார்க்க ஜனாபாவோடு மினி பஸ்ஸில் வந்தார். பம்புசெட்டு வளைவில் ஓட்டுநர் ஹாரன் அடித்து, "எந்தப் புண்ணியவான் இப்படிப் போட்டானோ" என்று முணுமுணுத்தார். ஜனாபா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வடக்கே காடு மழையில் கறுத்து நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு மயில் அகவியது. இறங்கும் இடத்தில் தங்கத்தாய் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகிறாராம்.

"பாய், சாப்பிட்டுப் போங்க. கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன். மருமவ வீட்டுலதான் இருக்கா" என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்ற அதே பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார்.