மிருகசீரிடத்திலிருந்து விழுந்தவை

சித்தியின் கழுத்தில் ஒரு மஞ்சள் துண்டு கிடந்தது. தாலிப்பொன்னை அரிசிக்கு விற்றுவிட்டு, அதே கயிற்றில் மஞ்சளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜப்பான் காலத்தில், மலாயாவில் கோலா பிலாவுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில், பாதிப் பெண்களின் கழுத்து அப்படித்தான் இருந்தது. சயாமில் ரயில்பாதை போடச் சித்தப்பாவை லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். உயிரோடிருக்கிறாரா என்று சொல்ல யாருமில்லை.

ஜப்பான்காரன் கடிகாரத்தையெல்லாம் தன் ஊர் நேரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டான். அதனால் கங்காணி பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்குக் கும்மிருட்டிலேயே போய் நிற்க வேண்டும். வானத்தைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது? நட்சத்திரம் விழுந்தால் ஓர் உயிர் போகிறது என்பார்கள்; உடனே பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பச்சை மரத்துக்கா பஞ்சம்! எங்கள் லயத்து வரிசைவீடுகளில் இருந்த பெண்கள் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்கள். எந்த நட்சத்திரத்துப் பக்கமிருந்து விழுகிறதோ, அந்த நட்சத்திரத்தில் பிறந்தவன் போய்விட்டான்.

சித்தப்பா மிருகசீரிடம். ஐப்பசியில் ஒருநாள் பெரட்டில் நிற்கும்போது அங்கிருந்து ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகும் விழுந்தன. பக்கத்து வீட்டு அக்கா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு ஆளுக்கு ஒண்ணுதானே விழும்? இது அவரா இருக்காதுலா" என்றாள்.

"அந்த நட்சத்திரத்துல அவரு ஒருத்தர்தானா சயாமுல இருக்காரு?" என்றாள் சித்தி. பச்சை மரத்தை அவள் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மஞ்சளை அவிழ்த்து, அம்மியில் வைத்து, மரவள்ளிக்கீரைக் குழம்புக்கு அரைத்தாள். அழவில்லை. நானும் அழவில்லை. வெகுநாள் கழித்துக் குழம்பு மஞ்சளாக இருந்தது, சாப்பிட்டேன். மனசு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ஜப்பான் சண்டை முடிந்து, காலெல்லாம் புண்ணோடு சித்தப்பா வாசலில் வந்து நின்றார். "உக்காருங்க" என்றாள் சித்தி. அவர் அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னாள்.

"எத்தன விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"எண்ணல."

"சரியாத்தான் இருக்கும். நான்தான் மிச்சம்."

பிறகு அவர் பொன்தாலி வாங்கி வந்தார். "அதான் அரைச்சுட்டேனே" என்று சித்தி கட்டிக்கொள்ள மறுத்துவிட்டாள். கடைசிவரை ஒரே வீட்டில், சண்டை சச்சரவில்லாமல்தான் இருந்தார்கள்.

நேற்றுப் பேப்பரில் போட்டிருந்தான். எரிகற்கள் எந்த நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வருவதுபோலத் தெரிகிறதோ, அதன் பெயரையே அவற்றுக்கு வைக்கிறார்களாம். உண்மையில் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசியாம், வருஷா வருஷம் அதே மாதத்தில் விழுமாம். படித்துவிட்டு மடித்து வைத்தேன். சமையலுக்கு நேரமாகியிருந்தது. டப்பாவைத் திறந்து குழம்பில் மஞ்சள்தூள் போட்டபோது அந்த மரவள்ளிக்கீரையின் ருசி நாக்கில் வந்தது. நன்றாகத்தான் இருந்தது அந்தக் குழம்பு.