ஒஷாவா வழியில் தேஷி அரசர்கள்

காலை 9.40. செல்வம் அண்ணையின் ரக்சி பார்க்டேலில் எங்கள் கட்டட வாசலுக்கு வந்தபோது பனி இன்னும் தொடங்கவில்லை. 1996 தை மாதத்து ஒரு சனிக்கிழமை. வெளியே மைனஸ் பதினேழு. ஒஷாவாவுக்கு அறுபத்தைந்து கிலோமீற்றர். போவதற்கு எழுபது டொலர் என்று முதல்நாளே பேசியிருந்தோம். ரயிலில் போனால் மிகவும் மலிவு. ஆனால் மிஸ்டர் பிரெண்டனின் முழங்கால் ரயில் படி ஏறாது. அவருடைய இரண்டு பெட்டிக் காகிதங்களைத் தூக்கவும் ஆள் வேண்டும்.

மிஸ்டர் பிரெண்டன் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருப்பவர். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். நீரிழிவால் வேளைக்கே ஓய்வு எடுத்துவிட்டார். அவருடைய பாட்டனார் அயர்லாந்தின் தெற்குக் கரையில் வாட்டர்ஃபோர்ட் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர். அந்தப் பக்கத்தை முற்காலத்தில் ஆண்ட 'தேஷி' என்ற குலத்தின் வரலாற்றை அவர் எழுதிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக, வேலை முடிந்து வந்து, அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டச்சுச் செய்தேன். பெயரை முதன்முதல் கேட்டபோது எனக்குப் புளிக்கும் தேசிக்காய்தான் நினைவுக்கு வந்தது. அன்று ஒரு மணிக்கு ஒஷாவாவில் ஐரிஷ் வம்சாவளியினரின் சிறிய சங்கமொன்றில் அவர் பேசவேண்டும். ஒரு கண் மங்கலாகிவிட்டதால், தடக்கும் இடத்தில் எடுத்துக்கொடுக்க நானும் கூடப் போனேன்.

10.50. ஸ்காபரோவைத் தாண்டி 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போகும்போது முதல் துகள்கள் கண்ணாடியில் விழுந்தன. துகள் கீழே விழாமல் குறுக்கே பறந்தது.

"றெஜினா, திரும்புவமோ?" என்று என்னைக் கேட்டார் செல்வம் அண்ணை. அவர் வடமராட்சிக்காரர், இங்கே ஒன்பது வருடமாக ரக்சி ஓடுபவர். "உந்தக் காத்து எனக்குப் பிடிக்கேல்லை."

மிஸ்டர் பிரெண்டனிடம் கேட்டேன். இதைவிட மோசமான பனியில் தான் பள்ளிக்கூடம் போயிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

11.35. ஏஜாக்ஸ் கடந்தது. விற்பிக்கு முன்னால், வயல்கள் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் இடத்தில், உலகம் இல்லாமல் போனது. பனிப்புயலைப் பார்க்காதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? இருட்டென்றால் இருட்டு என்று தெரியும். இது வெள்ளை. காரின் மூக்குக்கூடத் தெரியவில்லை. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மங்கி எரிந்தது. செல்வம் அண்ணை பிறேக்கை மிதித்தார். கார் வழுக்கி, அந்த விளக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்னாலிருந்து எவனாவது வந்து இடிப்பான் என்று மூவரும் கழுத்தை இறுக்கிக் காத்திருந்தோம். எங்கோ உலோகம் நசுங்கும் சத்தம் கேட்டது. பிறகு காற்று மட்டும்.

12.40. அதே இடம். பெற்றோலைச் சேமிக்கப் பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு, இருபது நிமிடம் நிறுத்தினோம். ஓடவிடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் செல்வம் அண்ணை இறங்கிப் புகைக்குழாயை மூடிய பனியைக் காலால் தள்ளினார். தள்ளாவிட்டால் புகை உள்ளே வந்து எங்களை நித்திரையாக்கிவிடும், எழும்பமாட்டோம் என்றார். கதவைச் சாத்தியதும் அவர் மறைந்துபோவார். திரும்பி வரும்வரை நான் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருமுறை நாற்பதில் வந்தார். ஒருமுறை நூற்றுப்பத்து ஆனது.

பயத்தை மறக்க, மிஸ்டர் பிரெண்டனிடம் அவருடைய பேச்சை எங்களுக்கே சொல்லும்படி கேட்டேன். ஆங்கிலத்தில்தான் பேசினார், அண்ணைக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். செல்வம் அண்ணையும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

தாரா என்ற மேட்டில் ஒரு பேரரசன் இருந்தான். அவன் மகன் தேஷிப் பெண்ணொருத்தியைத் தூக்கிக்கொண்டு போனான். பெண்ணின் சிற்றப்பன் ஈட்டியோடு தாராவுக்குப் போய் அவனைக் குத்திக் கொன்றான். அந்தக் கைகலப்பில் பேரரசனின் ஒரு கண்ணும் போனது. அங்கம் குறைந்தவன் அங்கே அரசனாக இருக்க முடியாது. அவன் பதவி இழந்தான், அதற்காகத் தேஷிக் குலம் முழுவதும் மண்ணை விட்டு விரட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அலைந்தார்கள். ஒரு கிளை கடல் தாண்டி வேல்ஸுக்குப் போனது. மற்றவர்கள் தெற்கே நடந்தார்கள். தெற்கத்தி அரசன் ஒருவன் தேஷிகளிடம் வளர்ந்த பெண்ணைக் கட்டினான். அந்த உறவில் அவர்களுக்கு நிலம் கிடைத்தது, பின்பு அரசுரிமையும் வந்தது.

"எங்கடை சனம் மாதிரித்தான்," என்றார் செல்வம் அண்ணை.

முந்திய ஐப்பசியில் சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு நடந்த சனத்தில் என் தங்கையும் ஒருத்தி. அந்தப் பக்கங்களைத் தட்டச்சுச் செய்தபோது பலமுறை என் விரல் நின்றிருக்கிறது.

1.20. மிஸ்டர் பிரெண்டனின் குரல் இழுபட்டது. "பிறகு தாரா அரசன் அவர்களை மன்னித்தான்," என்றார். "ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்."

அப்படி ஒரு வரியை நான் தட்டச்சுச் செய்ததே இல்லை. அவர்களை யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை. காற்புள்ளி தவறினாலே கோபப்படும் மனிதர் இவர்.

"மிஸ்டர் பிரெண்டன், அவர்கள் எங்கே போனார்கள்?"

"வீட்டுக்கு," என்று சிரித்தார். "தேத்தண்ணி வைத்திருக்கிறார்கள்."

மூச்சுப் புகையாகும் அந்தக் குளிரில் அவர் நெற்றி வியர்த்துக் கிடந்தது. முன் ஆசனத்துக்கு எட்டிக் கையைப் பிடித்தேன், நடுங்கியது. காலையில் இன்சுலின் போட்டவர், மதியச் சாப்பாடு சங்கத்தில் என்று ஒரு துண்டுப் பாணோடு வெளிக்கிட்டவர். எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் வில்லைகளைத் தேடிப் பைகளைத் துழாவினேன். அன்று வேறு கோட் போட்டு வந்திருந்தார், வில்லைகள் வீட்டில்.

"அண்ணை, இவருக்குச் சீனி இறங்கிப்போச்சு. இனிப்பா ஏதும் கிடக்கோ?"

"பிளாஸ்கில தேத்தண்ணி கிடக்கு. ஆனா மனிசி சீனி போடுறேல்லையே." அவர் கதவைத் தள்ளினார். "நில், முன்னுக்கு நிக்கிற காரில கேட்டிட்டு வாறன்."

நூற்றுத்தொண்ணூறு வரை எண்ணினேன். வந்தவரின் இமையெல்லாம் பனிக்கட்டி. விரல்கள் வெளுத்து, மடக்க முடியாமல் இருந்தன. "அதில ஒருத்தரும் இல்லை. விட்டிட்டுப் போட்டினம்."

"அப்ப நான் பின்னாலை போறன்."

"உனக்கென்ன விசரே?"

"நீங்கள் அவரை நித்திரை கொள்ள விடாதேங்கோ. ஹோர்ன் அடிச்சுக்கொண்டே இருங்கோ. அந்தச் சத்தத்தைப் பிடிச்சு வந்திடுவன்."

இறங்கியதும் காற்று என்னைக் காரோடு சேர்த்து அறைந்தது. மூச்செடுக்க முகத்தைத் திருப்பவேண்டியிருந்தது. காரைத் தடவித் தடவிப் பின்முனைக்கு வந்தேன். அதற்குப் பிறகு தடவ ஒன்றுமில்லை. கையை விட்டால் காரும் இல்லை, சாலையும் இல்லை, நானும் இல்லை என்று தோன்றியது. மாதாவே என்று கையை விட்டேன். பனி முழங்காலுக்கு மேல். ஆறு அடி, ஏழு அடி. ஹோர்ன் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது, பிறகு இடப்பக்கம் கேட்டது. எந்தப் பக்கம் வயல், எந்தப் பக்கம் வாகனம் என்று தெரியாமல் நின்றேன். அழக்கூட முடியவில்லை, கண்ணீர் இமையிலேயே உறைந்தது. ஊரில் பயம் வானத்திலிருந்து சத்தத்தோடு வரும். ஓடிப் பங்கருக்குள் விழலாம், பக்கத்தில் எவரோ ஒருவர் இருப்பார். இங்கே ஓட ஒரு திசைகூட இல்லை.

பத்தாவது அடியில் முழங்கை எதிலோ இடித்தது. சரக்கு ஏற்றும் ரக் ஒன்றின் முன்பக்கம். ஏறிக் கதவை அறைந்தேன். கியூபெக்காரச் சாரதி ஒருவன் திறந்தான். அவனுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று உதவவில்லை. "சுகர்! டயபற்றிக்!" என்று கத்தினேன். அது போதுமாயிருந்தது. இஞ்சிச் சோடா ரின் ஒன்றையும் சீனித்தூள் தூவிய டோனட் இரண்டையும் என் கையில் திணித்தான். பிறகு தன் இடுப்பில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ரக்கில் கட்டி, ஹோர்ன் சத்தம் வந்த திசையில் என்னைக் கூட்டிவந்தான். எங்கள் காரில் என் கையை வைத்துவிட்டுத்தான் திரும்பினான். அவன் பெயரைக் கேட்க மறந்துபோனேன்.

மிஸ்டர் பிரெண்டனின் தலை செல்வம் அண்ணையின் தோளில் சாய்ந்திருந்தது. "கேட்டால் ம்ம் எண்டுறார், அவ்வளவுதான்," என்றார் அண்ணை. சோடா ரக்கிலேயே பாதி உறைந்திருந்தது. ரின்னைக் கக்கத்தில் வைத்து இளக்கி, பிளாஸ்க் மூடியில் ஊற்றி, துளித் துளியாகக் கொடுத்தேன். முதல் வாய் தாடையில் வழிந்தது. இரண்டாவதை விழுங்கினார். பதினைந்து நிமிடம், அண்ணை ஹோர்னை விடவேயில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பதினைந்து நிமிடம் இல்லை. பிறகு கண்ணைத் திறந்து, "ஏன் இந்த மனிதர் ஹோர்ன் அடிக்கிறார்?" என்று கேட்டார்.

செல்வம் அண்ணை ஸ்ரியறிங்கில் முகத்தை வைத்து அழுதார்.

3.50. பனி தள்ளும் வண்டி வந்து வழி திறந்தது. 5.10க்கு ஒஷாவா. சங்க மண்டபம் பூட்டிக் கிடந்தது. மருத்துவமனையில் சோதித்துப் பார்த்து இரண்டு மணி நேரத்தில் விட்டார்கள். ஒவ்வொன்றும் நாற்பத்தொன்பது டொலராக மோட்டலில் இரண்டு அறை எடுத்தோம். அவர்கள் இருவரும் ஒன்றில், நான் அடுத்ததில். உடுப்போடு படுத்தேன்.

ஞாயிறு, காலை 10.15. கண் கூசும் வெயில். மேற்கே திரும்பினோம். மிஸ்டர் பிரெண்டனுக்கு ஏஜாக்ஸுக்குப் பிறகு கண் திறக்கும்வரை எதுவும் நினைவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினார். தாரா அரசன் மன்னித்துக் கூப்பிட்ட வரியைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்தினார்.

"அப்படியா சொன்னேன்? முடிவுவரை சொன்னேனா?"

"இல்லை. இடையில் நின்றுவிட்டீர்கள்."

மீதியை அப்போது சொன்னார். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேட்டேன். அரசுரிமைக்காக வம்சத்தின் இரண்டு கிளைகளும் மாறி மாறி வெட்டிக்கொண்டன. மேலிருந்த பெரிய அரசர்கள் அதைப் பார்த்துத் திறை கேட்டார்கள். கடைசியில் நோர்மன்காரர் கடலால் வந்து வாட்டர்ஃபோர்ட்டைப் பிடித்தார்கள். தேஷி அரசன் சிறைப்பட்டான். அவர்களுடைய மண்ணில் வேறொருவரின் கோட்டைகள் எழுந்தன.

"அந்த முறை எங்கை போனவையாம்?" என்று முன்னாலிருந்து கேட்டார் செல்வம் அண்ணை. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எங்கேயும் போகவில்லை," என்றார் மிஸ்டர் பிரெண்டன். "அங்கேயே இருந்தார்கள். அரசர்களின் பேரப்பிள்ளைகள் அதே வயலில் குத்தகைக்காரர் ஆனார்கள். விரட்டப்பட்டதை நூற்றாண்டுகளாகச் சொன்னவர்கள், இதைப் பற்றி ஒரு கதையும் சொல்லவில்லை."

அதை அண்ணைக்குத் தமிழில் சொல்லி முடிக்கும்போது விற்பியைத் தாண்டியிருந்தோம். இரண்டு பக்கமும் வெள்ளை வயல்கள், எட்ட ஒரு பண்ணை வீடு, அதன் புகை. மணிக்கு நூற்றுப்பத்துக் கிலோமீற்றரில் வாகனங்கள் பறந்தன. கிழக்கே போகும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாங்கள் நின்ற இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா இடமும் அந்த இடம் மாதிரியே இருந்தது. அப்போதுதான், அந்த வெயிலில், கோட்டின் கழுத்தை இழுத்து மூடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

கண்ணாடியில் செல்வம் அண்ணை பார்த்துவிட்டார். "என்ன றெஜினா, குளிருதோ?"

"ஓம் அண்ணை," என்றேன்.

அவர் சூட்டைக் கூட்டினார்.