லிவர்மோர் கோயிலில் பூ கேட்டது

லிவர்மோர் கோயிலில் அம்மன் சன்னதி முன்னால் நிற்கிறோம். என்னைக் காரில் கூட்டி வந்தவர், என் மகனின் பக்கத்து வீட்டு விஜயா. அவர் மகள் அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்கு இந்தத் தொகுதியில் போட்டியிடுகிறாள். நாளைக்கு ஓட்டு. யார் ஜெயிப்பார் என்று ஜனங்கள் பந்தயம் கட்டுகிற போன் ஆப்பில் அவளுக்கு நூற்றுக்குப் பதினொன்றுதான் வாய்ப்பாம்.

விஜயா வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் படியில் வைக்கிறார்.

“வெள்ளை வந்தா ஜெயிப்பா. நீங்க ஒண்ணு எடுங்க அங்கிள்.”

அம்பாளை நினைத்து எடுத்துக் கொடுக்கிறேன். பிரிக்காமலே கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

“ஏம்மா, பார்க்கலையா?”

“போன் சொல்றதையே அம்பாளும் சொல்லிட்டா, எம்பொண்ணு பக்கம் அப்புறம் யார் அங்கிள் இருக்கா?”

அந்தப் பெண்ணின் நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு, என் குடும்பத்துக்கு வாங்கிய அர்ச்சனைச் சீட்டைக் குருக்களிடம் நீட்டுகிறேன்.